மால்டன் செதில் உப்பு: ஊரின் கதையும் காய்ச்சும் முறையும்

இங்கிலாந்திலிருந்து வரும் மால்டன் உப்புப் பெட்டியைத் திறந்து உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிப் பாருங்கள். கல்லும் இல்லை, பொடியும் இல்லை. உடையாமல் தப்பிய ஒன்றிரண்டு செதில்களை வெளிச்சத்தில் பிடித்தால், அடிப்பக்கம் திறந்த குட்டிக் கோபுரம் போல, படிப்படியாக விரிந்த நான்கு சுவர்களோடு, உள்ளே வெறுமையாக இருக்கும். விரலால் அழுத்தினால் சத்தத்தோடு நொறுங்கும். வேதியியல்படி இதுவும் சோடியம் குளோரைடுதான். சாம்பாரில் போட்டால் எந்த உப்பென்று யாராலும் சொல்ல முடியாது. வடிவத்துக்குத்தான் விலை. அந்த வடிவம் எப்படி வருகிறது, வீட்டுத் தட்டில் அதை எப்படி வரவைப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. ஊரின் கதையைத் தெரிந்துகொண்டால் செய்முறையின் பாதிக் காரணங்கள் தாமே விளங்கும் என்பதால் அதிலிருந்து தொடங்குவோம்.

ஏன் அந்த ஊர்

இங்கிலாந்தின் கிழக்குக் கடலோர மாவட்டமான எசெக்ஸில், செல்மர் ஆறு பிளாக்வாட்டர் கழிமுகத்தில் சேரும் இடத்தில், ஒரு மேட்டின் மேல் இருக்கிறது மால்டன். மக்கள்தொகை சுமார் 15,000. கீழே ஹைத் துறையில் பழைய தேம்ஸ் பாய்மரப் படகுகள் செங்காவிப் பாய்களோடு கட்டிக் கிடக்கும். கடல் வற்றினால் சேறு, ஏறினால் தண்ணீர்: ஒரு நாளில் இரண்டு முறை ஊரின் முகம் மாறும்.

உப்புக்கு ஏற்ற சூழல் இங்கே இயல்பாகவே உண்டு. இங்கிலாந்தில் மழை மிகக் குறைவாகப் பெய்யும் பகுதிகளில் எசெக்ஸ் கடலோரமும் ஒன்று. கழிமுகத்தைச் சுற்றிப் பரந்த உவர்ச் சதுப்பு. பெரிய ஓதம் (கடல்மட்ட ஏற்றம்) ஏறும்போது தண்ணீர் சதுப்பின் மேல் பரவி, வெயிலிலும் காற்றிலும் கொஞ்சம் வற்றி, உப்பு கூடித் திரும்பும். ஆனால் தானாகவே உப்பு விளைய வெயில் போதாது. நம் ஊர் உப்பளத்தில் சூரியன் செய்யும் வேலையை அங்கே நெருப்புதான் செய்தாக வேண்டும். மால்டன் உப்பின் வரலாறு முழுக்க விறகு, நிலக்கரிச் செலவின் வரலாறுதான்.

எசெக்ஸ் கடலோரத்தில் ‘செம்மேடுகள்’ என்று அழைக்கப்படும் மண்திட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இரும்புக் காலத்திலும் ரோமர் காலத்திலும் களிமண் சட்டிகளில் கடல்நீரைக் காய்ச்சியவர்கள் விட்டுப்போன சுட்ட மண்ணும் உடைந்த சட்டித் துண்டுகளும் குவிந்து உண்டானவை அவை. 1086-இல் இங்கிலாந்து அரசர் எடுத்த நில, சொத்துக் கணக்கான டூம்ஸ்டே கணக்கிலும் இந்தக் கடலோர ஊர்கள் பலவற்றின் பேருக்கு நேரே உப்புச் சட்டிகள் எழுதப்பட்டிருக்கின்றன. இடைக்கால இங்கிலாந்தில் உப்புச் சட்டியை ஈயத்தில் அடிப்பது வழக்கம். எளிதில் வளையும், துருப்பிடிக்காது. உடலுக்கு நஞ்சு என்பதை அன்று யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இரும்புத் தகட்டுச் சட்டிகள் பின்னால் வந்தவை.

வரலாற்றுப் புத்தகங்களில் மால்டன் இடம்பெறுவது வேறொரு காரணத்துக்காக. 991 ஆகஸ்டில் மால்டனை ஒட்டிய நார்தி தீவில் இறங்கிய, ஸ்காண்டிநேவியக் கடல்கொள்ளையரான வைக்கிங் படையை எசெக்ஸ் தலைவன் பிர்ட்னாத் எதிர்கொண்டான். தீவையும் கரையையும் இணைக்கும் பாதை ஓதம் ஏறினால் மூழ்கிவிடும், வற்றினால் தெரியும். வற்றும்வரை இரு படைகளும் காத்திருந்து, பிறகு மோதின. பிர்ட்னாத் மாண்டான், அந்த ஆண்டே 10,000 பவுண்டு வெள்ளியை வைக்கிங்குகளுக்குக் கப்பமாகக் கட்ட நேர்ந்தது. அந்தப் பாதை இன்றும் அதே மாதிரி நாளுக்கு இருமுறை மூழ்கி எழுகிறது. மால்டனில் போருக்கும் உப்புக்கும் ஓதப் பட்டியல் ஒன்றுதான்.

கடலோர உப்புக்குச் சரிவு வந்தது இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள செஷயர் பக்கமிருந்து. 1670-இல் நார்த்விச் அருகே பாறை உப்பு கண்டுபிடிக்கப்பட்டது. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்புகள் என்றால், நிலத்தடி உப்பூற்றில் கிட்டத்தட்ட 300 கிராம். அதே நிலக்கரியில் பல மடங்கு உப்பு கிடைக்கும்போது கடல்நீரைக் காய்ச்சுபவர் எப்படிப் போட்டி போட முடியும்? சில கடலோர ஆலைகள் பாறை உப்பைக் கப்பலில் வரவழைத்து, கடல்நீரில் கரைத்து, அந்தக் கரைசலைக் காய்ச்சித் தாக்குப்பிடித்தன. இதே தந்திரத்தைத்தான் கீழே வீட்டு முறையில் கையாளப் போகிறோம்.

வரியும் சேர்ந்துகொண்டது. 1694-இல் தொடங்கிய உப்பு வரி, நெப்போலியன் போர்க் காலத்தில் சுமார் 25 கிலோ கொண்ட ஒரு புஷலுக்கு 15 ஷில்லிங் வரை ஏறியது. உப்பின் விலையைவிட வரி பல மடங்கு. 1825-இல் இங்கிலாந்து தன் மக்களுக்கு அதை நீக்கிவிட்டது. இந்தியாவில் அதே அரசு அதை விடவில்லை. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்து உப்பு அள்ள வேண்டியிருந்தது, 1947-இல்தான் வரி ஒழிந்தது.

மால்டன் உப்பில் மட்டும் பிழைத்த ஊர் அல்ல. இங்கிருந்து படகுகள் லண்டன் குதிரைகளுக்கு வைக்கோல் ஏற்றிப்போய், திரும்பும்போது அதே குதிரைகளின் சாணத்தை வயலுக்கு உரமாகக் கொண்டுவந்தன. 1797-இல் செல்ம்ஸ்ஃபோர்டுக்குத் திறந்த கால்வாய் மால்டனைத் தொடாமல் பக்கத்து ஹெய்பிரிட்ஜ் வழியாகப் போனதால் துறைமுக வணிகம் அடிவாங்கியது. ஹெய்பிரிட்ஜில் பென்டால் குடும்பத்தின் கலப்பை ஆலை பெரிதாக வளர்ந்து, 20-ஆம் நூற்றாண்டில் மூடியது. 1848-இல் வந்த ரயில், 1964-இல் பயணிகளுக்கு நின்றது. இவ்வளவும் போன பிறகும் நிலைத்திருப்பது 1882 என்று தன் பெட்டியில் ஆண்டு போட்டுக்கொள்ளும் மால்டன் படிக உப்பு நிறுவனம். ஆஸ்போர்ன் குடும்பத்தின் நான்காம் தலைமுறை நடத்துகிறது. செஷயரோடு விலையில் மோதாமல், செஷயரின் பொடி உப்பில் இல்லாத ஒன்றை, அதாவது செதிலை, விற்றதால்தான் அது பிழைத்தது என்பது நம் கணிப்பு.

ஆலையில் நடப்பது

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஓதத்தில், அதுவும் சில நாள் மழையில்லாமல் இருந்த பிறகு, கழிமுகத்துத் தண்ணீர் எடுக்கப்படுகிறது. மழைக்குப் பின் எடுத்தால் ஆற்று நன்னீர் கலந்திருக்கும். அந்த நன்னீரை ஆவியாக்கவும் எரிபொருள் வீணாகும். தொட்டியில் தெளியவிட்டு, வடிகட்டி, பெரிய சதுரத் தட்டுகளுக்குக் கொண்டுபோகிறார்கள். முதலில் தளதளவென்று கொதி. மேலே திரளும் நுரையோடு அழுக்கும் வரும், அதை வழித்து எடுக்கிறார்கள். பிறகு சூட்டைக் கொதிநிலைக்குக் கீழே இறக்கி, நீர்ப்பரப்பு அசையாதபடி மணிக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். செதில்கள் மேலே பூத்து, கனத்து, அடியில் படிகின்றன. தட்டு ஆறிய பின் நீண்ட கைப்பிடிக் கொத்தால் ஓரத்துக்கு இழுத்து அள்ளி, வடியவிட்டு, கடைசியில் உலர்த்துகிறார்கள். உப்பைத் தட்டிலிருந்து இழுக்கும் வேலை இன்றும் கைவேலைதான். இயந்திரம் செதிலை நொறுக்கிவிடும்.

வீட்டில்: எந்த நீரில் தொடங்குவது

இரண்டு வழி உண்டு. கடல்நீரிலிருந்து தொடங்குவது முழுமையான முறை. ஆனால் எரிபொருளைத் தின்னும். நீரிலுள்ள சாதா உப்பு முழுவதையும் எடுப்பதாக வைத்தாலே ஒரு கிலோ உப்புக்குச் சுமார் 36 லிட்டர் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். அதற்குத் தேவைப்படும் வெப்பம் 95 மெகாஜூல். அடுப்புச் சூட்டில் பாதி வீணாகும் என்று வைத்தால் ஏறத்தாழ 4 கிலோ எரிவாயு. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றைத் தீர்த்தால் மிஞ்சிப்போனால் மூன்றரைக் கிலோ உப்பு. ஆகவே கடல்நீர் வழியை ஒருமுறை செய்து பார்க்கலாம், வழக்கமாக்க வேண்டாம். செதில் வேண்டும் என்பவர்கள் இரண்டாவது வழியான கல்லுப்புக் கரைசலுக்கே போகலாம்.

பாத்திரத் தேர்வு இரண்டுக்கும் பொது. அலுமினியம் வேண்டவே வேண்டாம்; சூடான உப்புநீர் அதில் குழி குழியாக அரித்துவிடும். இரும்பு துருவைக் கலக்கும். எவர்சில்வரில் நல்ல தரம் ஓரளவு தாங்கும், மலிவான தட்டு ஒரே நாளில் பழுப்புப் புள்ளி காட்டும். கடைசிக் கட்டத்துக்கு அடுப்பு தாங்கும் கண்ணாடித் தட்டு இருந்தால் அதுவே நலம். மற்றபடி, ஒரு கிராம் துல்லியத் தராசு, 110 டிகிரி வரை காட்டும் வெப்பமானி, அளவுக் குடுவை, ஜல்லிக்கரண்டி, காடாத்துணி, காபி வடிகட்டும் தாள்.

*கடல்நீர் வழி.* 10 லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். சாக்கடை, தொழிற்சாலைக் கழிவு, படகு எண்ணெய் கலக்கும் இடத்தில் எடுக்கக் கூடாது: கொதி கிருமியைக் கொல்லும், ஈயத்தையும் எண்ணெயையும் ஒன்றும் செய்யாது. ஒரு இரவு அசைக்காமல் வைத்து, மேல்நீரை மட்டும் இறுத்து, நாலு மடிப்புத் துணியிலும் பிறகு தாளிலும் வடிகட்டுங்கள்.

கொதிக்கவிட்டு நுரையை வழியுங்கள். பழைய இங்கிலாந்தில் அழுக்கைத் திரட்ட முட்டை வெள்ளைக்கருவும் மாட்டு ரத்தமும்கூட ஊற்றினார்கள். நன்றாக வடிகட்டியிருந்தால் எதுவும் தேவையில்லை. 5 லிட்டராக வற்றும்போது நீர் இலேசாக மங்கும். அது கால்சியம் கார்பனேட், அளவு சொற்பம். கவனிக்க வேண்டிய கட்டம் 2 லிட்டரில் வருகிறது. அங்கே ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) பிரியத் தொடங்கும். அடுப்பை அணைத்து, தெளியவிட்டு, வடிகட்டுங்கள். மீண்டும் காய்ச்சி, 1.1 லிட்டர் வந்ததும் இன்னொரு முறை வடிகட்டுங்கள். இந்த இரண்டு வடிகட்டலிலும் சேர்த்து 10 லிட்டருக்குச் சுமார் 15 கிராம் ஜிப்சம் வெளியேறும். இதை விட்டுவிட்டால் உப்பு பல்லில் மணல்போல் நெறுநெறுக்கும், தண்ணீரில் போட்டாலும் முழுதாகக் கரையாது. வீட்டு உப்பு சரியில்லை என்று கேட்கும் புகார்களில் பெரும்பகுதி இந்த ஒரு வடிகட்டலைச் சோம்பலில் விட்டதால் வருவது.

ஒரு லிட்டர் அளவில் சாதா உப்பு பிரியத் தயாராகும். அதை அறிய, நீரின் அடர்த்தியைக் காட்டும் போமே மானி இருந்தால் 25 டிகிரிக்குச் சற்று மேலே காட்டும். நீரை ஆறவைத்த பிறகே பார்க்க வேண்டும், சூட்டில் குறைத்துக் காட்டும். மானி இல்லையென்றால் ஆறிய நீரில் சரியாக 100 மில்லி எடுத்து நிறுங்கள்: 121 கிராம் வந்தால் சரி. பச்சை முட்டை மிதந்தால் போதும் என்று சொல்லும் பழைய சோதனையை நம்பி ஏமாறாதீர்கள். பத்து விழுக்காட்டை ஒட்டிய உப்புநீரிலேயே முட்டை மிதந்துவிடும். நமக்கு வேண்டியது 26 விழுக்காடு.

இந்த நீரை 20-க்கு 20 செ.மீ. தட்டில் ஊற்றிச் செதில் கட்டத்துக்குப் போகலாம். முடிக்கும் இடத்தை இப்போதே மனதில் குறித்துக்கொள்ளுங்கள்: தட்டில் 400 மில்லி மிஞ்சும்போது நிறுத்த வேண்டும். அதற்குள் 200 கிராம் உப்பு வந்திருக்கும். மிஞ்சிய நீரில் இன்னும் 60, 70 கிராம் உப்பு இருக்கும். அதற்கு ஆசைப்பட்டால் மெக்னீசிய உப்புகளும் சேர்ந்து வந்து எல்லாவற்றையும் கசப்பாக்கும். தூத்துக்குடி உப்பளத்தில் இந்தக் கடைசி நீரை நஞ்சோடைத் தண்ணீர் என்பார்கள். பேரே எச்சரிக்கை.

*கல்லுப்பு வழி.* 2 லிட்டர் தண்ணீருக்கு 720 கிராம் கல்லுப்பு. தண்ணீரைக் கொதிக்கவைத்து, உப்பைப் போட்டுக் கரைத்து, ஐந்து நிமிடம் கொதியில் விட்டு, நுரை வழித்து, ஆறவைத்துத் தாளில் வடிகட்டுங்கள். கல்லுப்பின் அடியில் மண் இருக்கும், ஆச்சரியப்பட வேண்டாம். ஆறிய கரைசல் 100 மில்லி 120 கிராம் நிறுக்கும். பொடி உப்பை இதற்கு எடுக்கக் கூடாது. கட்டிபிடிக்காமல் இருக்கப் பல பொடி உப்புகளில் பெர்ரோசயனைடு உப்பு ஒன்றைச் சிறிதளவு சேர்ப்பார்கள். உண்ண அது பாதுகாப்பானதுதான், ஆனால் படிகம் வளரும் விதத்தை மாற்றும்: சதுரச் செதிலுக்குப் பதிலாகப் பறவை இறகு மாதிரி கிளை கிளையாக வரும்.

செதில் பூக்கும் கட்டம்

25-க்கு 35 செ.மீ. தட்டில் கல்லுப்புக் கரைசல் இரண்டரை செ.மீ. உயரத்துக்கு நிற்கும். இதுதான் நல்ல ஆழம். ஒரு செ.மீ.க்குக் குறைந்தால் செதில் வளர்வதற்குள் தரையைத் தொட்டு ஒட்டிக்கொள்ளும். மிக ஆழமாக இருந்தால் கீழிருந்து எழும் நீரோட்டம் மேற்பரப்பைக் குலைக்கும்.

தட்டை நேரடியாகத் தீயில் வைக்காதீர்கள். தீ படும் இடத்தில் மட்டும் குமிழி எழும், அங்கே செதில் நிற்காது. அகலமான பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து அதன்மேல் தட்டை வைத்து, ஆவியிலும் சுடுநீரிலும் சூடேற்றுங்கள். உப்புநீர் 65 முதல் 80 டிகிரிக்குள் நிற்க வேண்டும். மின்விசிறியை அணையுங்கள், சன்னலைச் சாத்துங்கள், தட்டை மூடாதீர்கள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் மிகக் கடினமான பகுதி.

முதலில் சுமார் 100 மில்லி ஆவியாகும்வரை ஒன்றும் தெரியாது. அப்புறம் மேலே தூசி விழுந்தது போலப் புள்ளிகள். குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் சின்னஞ்சிறு சதுரம். உப்பு நீரைவிட இரு மடங்கு கனமானது, மூழ்கத்தான் வேண்டும்; நீரின் பரப்பு இழுவிசை அதைத் தாங்கிக்கொள்கிறது. ஆவியாதல் நடப்பது மேற்பரப்பில் என்பதால் உப்பு அங்கேதான் மிகச் செறிந்திருக்கும். சதுரத்தின் மேல் விளிம்புகளிலேயே புதிய உப்பு ஒட்டும். ஒட்ட ஒட்டக் கனம் கூடி, சதுரம் இம்மியளவு கீழே அமிழும். நீர்மட்டத்தில் இருக்கும் விளிம்பில் இன்னும் அகலமான அடுத்த சட்டம் வளரும். மறுபடி அமிழும், மறுபடி வளரும். இப்படியே தலைகீழ்க் கோபுரம், உள்ளே வெற்றிடம். சுவரில் தெரியும் படிகள் ஒவ்வொன்றும் ஒருமுறை அமிழ்ந்த கணக்கு.

தட்டைத் தட்டினாலும், கரண்டியை விட்டாலும், ஒரு காற்று வீசினாலும் பரப்பு இழுவிசை தோற்று அது கவிழ்ந்து மூழ்கும். அடியில் அப்படியே கிடந்தால் எல்லாப் பக்கமும் ஒரே சீராக உப்பு ஒட்டி, வெற்றிடம் நிரம்பி, சாதாரணக் கல்லாகிவிடும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் சின்ன விஷயம்.

சூட்டின் பங்கும் இதில் அடங்கும். தெவிட்டிய, அதாவது இதற்குமேல் உப்பு கரையாத, உப்புநீர் சுமார் 108 டிகிரியில் கொதிக்கும். கொதிக்கவிட்டே வற்றவைத்தால் பரப்பு கொந்தளித்து, ஒரே நேரத்தில் கோடிப் படிகக் கருக்கள் உருவாகி, மாவுபோன்ற நுண்ணிய உப்பு வரும். செஷயரின் மேசை உப்பு அப்படிச் செய்ததே. சூட்டை 40 டிகிரிக்கு இறக்கி நாள்கணக்கில் விட்டால் பெரிய கெட்டிக் கற்கள் வரும். மீன் பதப்படுத்த அதைத்தான் விரும்பினார்கள். ஒரே தட்டு, ஒரே நீர், சூடு மட்டும் வேறு. செதில் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

செதில்கள் 5 முதல் 8 மி.மீ. ஆனதும் ஜல்லிக்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் சாய்வாக இறக்கி, அடியிலிருந்து மெல்ல உயர்த்தி அள்ளுங்கள். ஒரு மூலையில் அள்ளி முடித்ததும் மற்ற மூலைக்குப் போகும் முன் பத்து நிமிடம் நீர் அடங்கட்டும். தாமாகக் கீழே விழுந்தவை இன்னும் மெல்லியதாகத்தான் இருக்கும், கவலை வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அவற்றையும் இழுத்து எடுத்துவிடுங்கள். மூன்று நான்கு மணி நேரத்தில் 600 மில்லி அளவு ஆவியாகி, 200 கிராமுக்கு மேல் செதில் சேர்ந்திருக்கும். கல்லுப்பு வழியில் மிஞ்சிய நீரை ஒன்றிரண்டு முறை அடுத்த கரைசலோடு கலந்துகொள்ளலாம். அதற்குமேல் மெக்னீசியம் சேர்ந்துவிடும்.

வடிப்பதும் உலர்த்துவதும்

அள்ளியதைச் சல்லடையில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் குவிக்காமல் பரப்பி, சாய்த்து வையுங்கள். வீட்டு அளவுக்கு 12 முதல் 24 மணி நேரம் போதும். அவசரப்பட்டு வெயிலில் நீரோடு காயவைத்தால், வடிய வேண்டிய நீர் அங்கேயே காய்ந்து, அதிலுள்ள மெக்னீசியம் குளோரைடு செதில் மேல் படியும். அது காற்றின் ஈரப்பதம் 33 விழுக்காடு இருந்தாலே நீரை உறிஞ்சும். தூய உப்புக்கு 75 விழுக்காடு ஆக வேண்டும். சென்னைக் காற்றில் இரண்டுமே நனையும், ஆனால் வடியாத உப்பு சட்டியில் குளமாகவே நிற்கும். கசப்பு தெரிந்தால் நன்னீரில் அலசாதீர்கள், பாதி கரைந்து போய்விடும். சுத்தமான தெவிட்டிய உப்புநீரை மேலே தெளித்து வடியவிடுங்கள்.

பிறகு 70 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம், அல்லது மெல்லிய துணி மூடி வெயிலில். நடுவில் கிளறாமல் தட்டை மட்டும் ஒருமுறை திருப்பிவைத்தால் போதும். முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துக் கட்டியாகும்.

கெட்டுப்போகும் இடங்கள்

மேற்பரப்பு முழுவதும் ஒரே ஆடையாகப் படர்ந்தால் சூடு அதிகம், அல்லது காற்று படுகிறது. ஆடையைக் கரண்டி முதுகால் மெல்ல அழுத்தி மூழ்கடித்துவிட்டு, சூட்டை ஐந்து டிகிரி குறைத்து மறுபடி காத்திருங்கள். ஆடை நின்றால் ஆவியாதலும் நின்றுபோகும்.

எவ்வளவு நேரமானாலும் மேலே எதுவும் பூக்காமல் அடியில் மட்டும் கல் கட்டினால், தட்டின் அடியில் கீறல் அல்லது பழைய உப்புத் துகள் இருக்கிறது. கரு அங்கேதான் பிடிக்கிறது. கரைசலை இறுத்து, தட்டைக் கழுவி, மறுபடி வடிகட்டி ஊற்றுங்கள். மேலே எண்ணெய்ப் படலம் இருந்தாலும் செதில் நிற்காது. சமையலுக்குப் புழங்கிய தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, சோப்பே மிஞ்சாமல் பலமுறை அலச வேண்டும். சோப்பும் பரப்பு இழுவிசையைக் கெடுக்கும்.

மஞ்சள் அல்லது பழுப்பு நிறம் துரு. அந்தத் தொகுதியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பாத்திரத்தை மாற்றுங்கள். உப்புநீர் கெட்டியாகும் கட்டத்தில் அடியிலிருந்து திடீரென்று வெடித்துத் தெறிக்கும். 108 டிகிரி உப்புநீர் வெந்நீரைவிட மோசமாகச் சுடும், பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். சமையலறைச் சுவரும் அடுப்புக் கம்பியும் உப்புத் தெறித்தால் துருப்பிடிக்கும், வேலை முடிந்த உடனே துடைப்பது நல்லது.

பயன்படுத்தும்போது

செதிலைக் கரண்டியால் அளந்து குழம்பில் போட்டால் உப்பு பத்தாது. உள்ளே வெறுமை என்பதால் ஒரு தேக்கரண்டி பொடி உப்பு 6 கிராம் இருக்கும் இடத்தில் செதில் 3 கிராம்தான் தேறும். எடையில் இரண்டும் சமம், ஆகவே தராசு இருந்தால் குழப்பமில்லை. கொதிக்கும் குழம்பில் இதைப் போடுவதே வீண் செலவு. வறுத்த மீன், அவித்த முட்டை, வெள்ளரித் துண்டு, நறுக்கிய மாங்காய் என்று சாப்பிடும் கடைசி நிமிடத்தில் தூவ வேண்டியது இது. ஈரமான பண்டத்தில் முன்கூட்டியே தூவினால் கரைந்துபோய் மொறுமொறுப்பு போய்விடும்.

இதில் அயோடின் இல்லை. கல்லுப்பில் இருந்திருந்தாலும் பெரும்பகுதி கரைசலில் தங்கிவிடும். அன்றாடச் சமையலுக்கு அயோடின் சேர்த்த உப்பையே வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் உள்ள வீட்டில் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

கடல்நீர் வழியில் மிஞ்சிய நஞ்சோடைத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் செடி பட்டுப்போகும். நன்றாக நீர் கலந்து சாக்கடையில் விடுங்கள். நீர் எடுத்த இடம் தூய்மையானதென்று உறுதியாகத் தெரிந்தால், தாளில் வடிகட்டிக் கண்ணாடிப் புட்டியில் வைத்துக்கொள்ளலாம். ஜப்பானியர்கள் சோயாப் பாலைத் திரித்து டோஃபு செய்ய இதே நீரைத்தான் சேர்க்கிறார்கள்.